பூஞ்சணம் பிடிக்காத செடி

கேதீஸ்வரன் தன் வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடப் பற்ற வைத்தவரல்லர். யாழ்ப்பாணத்தில் பதினான்கு வருடம் புகையிலை ஆராய்ச்சி உத்தியோகத்தராக இருந்தபோதும், தோட்டக்காரர்கள் நீட்டிய சுருட்டைக் கையாலும் தொட்டதில்லை. அப்படிப்பட்ட சுத்த சைவர், 1978ஆம் ஆண்டு, கஞ்சா வளர்த்த குற்றத்துக்காக அவுஸ்திரேலிய நீதிமன்றத்தில் நின்றார். காரணம் ஆணவம். அவரைக் கேட்டால் விஞ்ஞானம் என்பார்.

அவுஸ்திரேலியாவுக்கு வந்த புதிதில் கோட்டும் சூட்டும் மாட்டிக்கொண்டு ஏழு இடங்களுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனார். ஏழு இடத்திலும் தேநீர் கொடுத்தார்கள். ஏழு இடத்திலும், "உங்களுக்கு உள்ளூர் அனுபவம் இல்லையே" என்று மெத்த வருத்தப்பட்டார்கள். வேலை தராமல் அந்த அனுபவம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் சிட்னியில் ஒரு ரயில் நிலையத்தில், வருகிறவர் போகிறவரின் டிக்கெட்டைப் பார்க்கும் வேலை கிடைத்தது.

வீடு சிட்னிக்குத் தெற்கே, ஹெலன்ஸ்பர்க் என்ற மலையூருக்குக் கீழே, கடலோரத்தில். வாடகை குறைவு, ஈரம் அதிகம். கடலிலிருந்து வரும் மூட்டம் மலையில் முட்டி அங்கேயே குடியிருந்துவிடும். மனைவி நாகேஸ்வரியின் கூறைச்சேலையில்கூடப் பூஞ்சணம் பிடித்தது. பக்கத்து வீட்டில் கெவின் என்ற தாடிக்காரன் இருந்தான்; கடலலையில் சறுக்கும் பலகை செய்து விற்பவன். அவன் பின்வளவில் வைத்திருந்த கஞ்சாச் செடிகளும் பூக்கிற சமயம் பார்த்துச் சாம்பல் நிறமாக அழுகிப்போயின.

வேலிக்கு மேலால் அதைப் பார்த்த அன்று கேதீஸ்வரனுக்குச் சோறு இறங்கவில்லை. சட்டம் என்ன ஆவது என்ற கவலை இல்லை. செடியை இப்படிக் கொல்கிறானே படுபாவி என்ற கவலைதான். மூன்றாம் நாள் வேலியடிக்குப் போய், "இது எந்த நாட்டு விதை?" என்று விசாரித்தார்.

கெவினிடம் இரண்டு சாதி இருந்தது. ஒன்று ஏதோ மலைநாட்டுக் குள்ளன். சீக்கிரம் பூக்கும், ஆனால் பூ நெருக்கமாக இருப்பதால் ஈரம் தங்கி அழுகும். மற்றது தாய்லாந்து நெட்டை. பூ ஐதாக இருக்கும், ஆனால் அது பூத்து முடிவதற்குள் குளிர் வந்துவிடும். கேதீஸ்வரன் இரண்டின் குலம் கோத்திரம் விசாரித்து, பொருத்தம் பார்த்து, கலியாணத்தையும் முடித்து வைத்தார். தன் வளவில்தான் காற்றோட்டம் நல்லது என்று பிள்ளைகளையும் தானே பொறுப்பெடுத்தார். ஒவ்வொரு செடியின் பிறப்பு வளர்ப்பும் ஒரு தடித்த கொப்பியில் தமிழில் ஏறியது.

"இஞ்சருங்கோ, இது பொலிஸ் பிடிக்கிற சாமானல்லோ?" என்றாள் நாகேஸ்வரி.

"பொலிசுக்குப் பூஞ்சணத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்றார் அவர்.

மூன்றாம் தலைமுறைச் செடிகள் 1978 ஏப்ரலில் பத்து நாள் அடைமழையில் நின்றன. ஒரு பூவில் ஒரு புள்ளி விழவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு செடிகளுக்கு நடுவே நின்று கேதீஸ்வரன் அழுதார். அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை கெவினைத் தேடி வந்த பொலிஸ் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. கெவின் அதற்கு முதல்நாளே பலகையோடு குயின்ஸ்லாந்துப் பக்கம் மாறிவிட்டான்.

கொப்பியைத் தூக்கிக் காட்டி இது என்ன என்று பொலிஸ்காரர் கேட்டபோது, நாகேஸ்வரி கண்ணை மூடித் திறப்பதற்குள், "தேவாரம். நாங்கள் கும்பிடேக்க படிக்கிறது" என்றாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, மரியாதையோடு அதை ஓர் உறையில் இட்டு, 'சமய நூல்' என்று எழுதி எடுத்துப் போனார்.

வழக்கறிஞர் கெட்டிக்காரர். "நீங்கள் ஒரு டிக்கெட் கிளார்க். செடிகொடி பற்றி ஒன்றும் தெரியாது. பக்கத்து வீட்டான் தந்தான், தண்ணீர் ஊற்றினீர்கள். சின்ன அபராதத்தோடு வீட்டுக்குப் போகலாம். ஆனால் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது" என்றார். நாகேஸ்வரி கணவரை வீட்டுக் குசினியில் பிள்ளையார் படத்துக்கு முன் நிறுத்தி அதையே சத்தியமும் வாங்கினாள்.

நீதிமன்றத்தில் அரச தரப்பு நிபுணர் சாட்சி சொன்னார். இந்த ஈரத்தில் அழுகாத இப்படியொரு செடியைத் தான் கண்டதில்லை என்றார். கேதீஸ்வரனுக்கு நெஞ்சு விம்மியது. வழக்கறிஞர் எழுந்து, "இது தற்செயலாக நடந்திருக்கலாமா?" என்று கேட்டார்.

"தற்செயல்தான். காற்றில் வந்த மகரந்தமாக இருக்கும். ஒரு டிக்கெட் கிளார்க்கால் இதைச் செய்ய முடியாது."

வழக்கறிஞர் சிரித்தார். நாகேஸ்வரிக்கு உயிர் வந்தது. கேதீஸ்வரனுக்கு மட்டும் 'தற்செயல்' என்ற அந்த ஒரு வார்த்தை பொறுக்கவில்லை. பல்லைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. எழுந்துவிட்டார்.

"தற்செயல் இல்லை, கனம் நீதவான் அவர்களே. மூன்று தலைமுறை. நூற்றுப் பன்னிரண்டு செடிகளைப் பிடுங்கி எறிந்து, ஒன்பதை வைத்துக்கொண்டேன். அந்தச் சமய நூலை ஒருக்கால் தாருங்கள்."

நாற்பது நிமிடம் வாசித்து, வரிக்கு வரி ஆங்கிலத்தில் விளக்கினார். நிபுணர் இரண்டு கேள்வி கேட்டார். பதிலைக் குறித்தும் கொண்டார். இந்த நாட்டில் ஒருவர் தன்னிடம் கேள்வி கேட்டு எழுதிக்கொள்வதைக் கேதீஸ்வரன் அன்றைக்குத்தான் கண்டார். நாகேஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஒரு கிளார்க்குக்கு அபராதம் போட இருந்தேன்," என்றார் நீதவான். "ஒரு விஞ்ஞானிக்கு அது போதாது. எட்டு மாதம்."

சிறைச்சாலைக்கு ஒரு பண்ணை இருந்தது. என்ன தொழில் என்று கேட்டார்கள், உண்மையைச் சொன்னார். அடுத்த நாளே மூன்று ஏக்கர் தக்காளியை அவரிடம் ஒப்படைத்தார்கள். உள்ளூர் அனுபவம் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான்காம் மாதம் நாகேஸ்வரி இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் மாறிப் புட்டோடு வந்தாள். வீட்டுச் செலவுக்காகச் சேர்ந்த பிஸ்கட் தொழிற்சாலையில் நின்று நின்று அவளுடைய கால்கள் வீங்கியிருந்தன. வந்ததும் வராததுமாக, "லோயர் மனுப் போட்டவர். வாற மாசம் பதினைஞ்சாம் திகதி உங்களை விடுவினமாம்" என்றாள்.

அவர் விரல் விட்டு எண்ணினார். "பதினைஞ்சோ? அப்ப தக்காளி பிஞ்சல்லோ. கொஞ்சம் பிந்தி விடச் சொல்லிக் கேக்க ஏலாதோ?"

நாகேஸ்வரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வெயிலில் கறுத்து, கன்னத்தில் சதை வைத்து, பத்து வயது குறைந்தவர்போல இருந்தார். இந்த நாட்டுக்கு வந்து அவரை இப்படி அவள் கண்டதில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கோபத்தைத் தந்தது.

"நாலு மாசமாத் தனிய இருந்து சாப்பிடுறன். எப்பிடி இருக்கிறாய் எண்டு ஒரு சொல்லுக் கேட்டனீங்களே? நீங்கள் தக்காளியோடையே இருங்கோ. நான் போறன்."

போயிட்டு வாறன் என்று அவள் சொல்லவில்லை. புட்டை வைத்துவிட்டு, வீங்கிய காலோடு வாசலைத் தாண்டினாள். "நாகேஸ்" என்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. வழக்கில் தோற்றது கேதீஸ்வரனுக்கு அப்போதுதான் உறைத்தது.