நாக்கு இடறிய இடங்கள்

எங்கள் மூன்று பேருக்கும் இங்கிலீஷ் எழுத வராது. அந்த ஒரே தகுதியில்தான் கூட்டு சேர்ந்தோம். தொண்ணூறுகளின் கடைசி, பி.ஏ. முதல் ஆண்டு. நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். ஆனேக்கல்லிலிருந்து பஸ் மாறி வருகிற ஒருத்தி கன்னட மீடியம். மூன்றாமவர் ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வகுப்பில் வந்து தூங்குவார். எங்களைவிட மூத்தவர் என்பதால் அண்ணன் என்று கூப்பிட்டோம். மூவர் வீட்டிலும் அதற்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. கான்வென்ட்டில் படித்து வந்தவர்கள் வகுப்பில் வாயைத் திறந்தாலே நாங்கள் தலையைக் குனிந்துகொள்வோம்.

பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் தெருவுக்குப் பக்கத்து சர்ச்சுக்குப் பின்னால் தையல் வகுப்பு நடக்கும் அறை ஒன்று இருந்தது. ஞாயிறு மத்தியானம் காலியாகக் கிடக்கும். கேட்டு வாங்கினோம். உறை போட்ட தையல் மெஷின்கள்தான் எங்கள் மேஜை.

சொல்லிக்கொடுக்க யாரும் இல்லாததால் நாங்களே ஒரு முறை வைத்துக்கொண்டோம். ஒருவர் எழுதிய கட்டுரையை மற்ற இருவரும் ஆளுக்கொரு தடவை உரக்கப் படிக்க வேண்டும். படிக்கும்போது நாக்கு எங்கே இடறுகிறதோ அங்கே ஓர் அடிக்கோடு, ஓரத்தில் ஒரு கையெழுத்து. அண்ணன் சிவப்பு மை, ஆனேக்கல்காரி பச்சை, நான் நீலம். எப்படித் திருத்துவது என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. சொல்ல யாருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம். எழுதியவரே வீட்டுக்குப் போய் முட்டிமோதி அந்த வரியைச் சரிசெய்து அடுத்த ஞாயிறு கொண்டுவர வேண்டும். கோடு குறையக் குறைய எழுத்து தேறுகிறது என்று கணக்கு. பழைய தாள்களைத் தூக்கிப்போட மாட்டோம். பாடுபட்டதற்கு அதுதானே சாட்சி.

இரக்கமே இல்லாத முறை. அண்ணன் தூக்கக் கலக்கத்தில் படிக்கும்போது என் வரிகள் நொண்டுவதைக் கேட்டு எத்தனையோ தடவை அழுதிருக்கிறேன். ஆனாலும் வாரம் முழுக்க நான் காத்திருந்தது அந்த மத்தியானத்துக்குத்தான். இரண்டு வருஷத்தில் மூன்று பேரும் தேறினோம். உண்மையாகவே தேறினோம்.

கடைசி ஆண்டில் இங்கிலீஷுக்கு ஒரு கட்டுரை கொடுக்க வேண்டும்: நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தைப் பற்றி. லெக்சரர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஹால் டிக்கெட். அது இல்லாவிட்டால் பரீட்சை இல்லை, ஒரு வருஷம் போச்சு. என் வீட்டில் ஒரு வருஷம் போனால் அதோடு படிப்பே போச்சு. மாப்பிள்ளை தயாராக இருந்தான்.

என் அம்மா ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவைத்தான் எழுதினேன். ஆண் குழந்தை பிறந்தால் அம்மா வெளியே வந்து அப்பன்காரனுக்கு நேராக நின்று சொல்லுவாள். பெண் குழந்தை என்றால் கதவை ஒருக்களித்துத் திறந்து, பின்னால் நின்றபடியே குரலை மட்டும் வெளியே விடுவாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. செய்தியைக் கேட்டுவிட்டு ஒருவன் செருப்பைக் கழற்றி, தட்டி, மறுபடி அதே காலில் மாட்டிக்கொண்டான். அதையும் எழுதினேன். ஐந்து வாரம் சுற்றுக்குப் போய்வந்து, ஆறாவது வாரம் ஒரு கோடுகூட விழவில்லை. அண்ணன் தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டார்.

லெக்சரரைப் பற்றி எல்லோரும் சொல்வது அவர் நல்லவர் என்று. நல்லவர்தான், அதுதான் தொந்தரவு. தாத்தா காலத்தில் மைசூர் மகாராஜாவிடம் உத்தியோகம் பார்த்த தமிழ்க் குடும்பம். வகுப்பில் இங்கிலீஷ், ஆபீஸில் கன்னடம், என்னிடம் மட்டும் கருணையோடு தமிழ். ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். என் கட்டுரை அவர் முன்னால் இருந்தது. முதலில் வீடு எங்கே என்று கேட்டார். சொன்னேன். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். கார்ப்பரேஷனில் வேலை என்றேன். என்ன வேலை என்று கேட்காமலே தலையை ஆட்டிக்கொண்டார்.

"இது நீ எழுதினது இல்லைம்மா. தப்பா எடுத்துக்காதே. உங்க ஏரியாப் பிள்ளைங்களை நான் இருபது வருஷமா பார்க்கிறேன்" என்றார்.

நான் உடனே பையைத் திறந்து பழைய தாள்களை எல்லாம் எடுத்து மேஜையில் பரப்பினேன். ஐந்து வாரத்துப் பாடு, கோடுகளும் கையெழுத்துகளுமாக. பார்த்தால் நம்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் சிவப்பைத் தொட்டார், பச்சையைத் தொட்டார். யாருடைய கையெழுத்து இவை என்று கேட்டார். எங்கள் முறையை விளக்கி, அவர்கள் கோடுதான் போடுவார்கள், எழுதுவது நான்தான் என்றேன். அவர் வருத்தத்தோடு சிரித்தார். எத்தனை கை பட்டிருக்கிறது பார், நீயே காட்டிக்கொடுத்துவிட்டாய் என்றார். இப்போதே உங்கள் எதிரில் உட்கார்ந்து வேறு ஒன்று எழுதுகிறேன் சார் என்று கெஞ்சினேன். உட்கார வைத்து விசாரிக்க நான் என்ன போலீஸா என்று தாள்களை அடுக்கி என்னிடமே நீட்டினார். திங்கட்கிழமைக்குள் உனக்கு வருகிற இங்கிலீஷில், தப்பும் தவறுமாக இருந்தாலும் உண்மையாக எழுதிக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். பெரிய உபகாரம் செய்கிற குரல். அந்த ஆளை நான் வெறுத்தேன், இன்றும் வெறுக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தையல் அறையில் நடந்ததைச் சொன்னதும் ஆனேக்கல்காரி எழுந்து நின்றுவிட்டாள்.

"பிரின்சிபால் கிட்ட போலாம் வா. எழுதினது நீதான்னு நான் சொல்றேன். சும்னே உட்டுட்டா நாளைக்கு எல்லாரையும் இப்படித்தான் சொல்லுவான்."

அவள் சாட்சி சொன்னால், கோடு போட்டவளே வந்துவிட்டாள் என்பார்கள் என்றார் அண்ணன். அவள் விடவில்லை. சண்டை போடு, சண்டை போடு என்று மெஷின் மேல் குத்தினாள். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு ஹால் டிக்கெட் வேணுமா, மரியாதை வேணுமா?"

ஹால் டிக்கெட் என்றேன். அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். இந்தத் தடவை மாற்றிச் செய்வோம், நாக்கு எங்கே இடறவில்லையோ அங்கே கோடு போடுவோம் என்றார்.

அப்படித்தான் செய்தோம். அண்ணன் படித்தார், நன்றாக இருந்த இடத்தில் எல்லாம் கோடு விழுந்தது. பச்சைப் பேனாவும் கடைசியில் சேர்ந்துகொண்டது. கதவுக்குப் பின்னால் அம்மா நிற்கும் வரிதான் முதலில் போனது. அந்த இடத்தில் தாய் தெய்வத்துக்குச் சமம் என்று எழுதினேன். கைடு புத்தகம் முழுக்க ஆனேக்கல்காரிக்கு மனப்பாடம். ஆஸ்பத்திரி ஒரு கோயில், நர்சுகள் வெள்ளை உடை தேவதைகள், பெண் குழந்தை நாட்டின் கண் என்று அவள் எடுத்து எடுத்துக் கொடுக்க நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். எங்களுக்குப் பழைய இங்கிலீஷ் இன்னும் மறக்கவில்லை. இரண்டு வருஷமாகத் துரத்திவிட்ட பிழைகள் எல்லாம் கூப்பிட்ட குரலுக்கு வந்து நின்றன.

செருப்பு மாட்டும் ஆளை மட்டும் விட எனக்கு மனசில்லை. அது ஒன்று இருந்துவிட்டுப் போகட்டுமே என்றேன். அண்ணன் அந்த வரியைத் திரும்ப ஒரு தடவை உரக்கப் படித்தார். அதன் அடியில் இரண்டு கோடு போட்டார். நான் அந்த வரியை அடித்துவிட்டேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை லெக்சரர் என் எதிரிலேயே படித்தார். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது.

"பார்த்தியா, இதுதான் நீ. இதுல ஒரு சத்தியம் இருக்கு" என்றார்.

கையெழுத்துப் போட்டார். அதோடு விட்டாரா? மறுநாள் வகுப்பில் என் பெயரைச் சொல்லி நிற்க வைத்து, தாய் தெய்வத்துக்குச் சமம் என்ற பாராவைத் தழுதழுத்த குரலில் படித்தார். மொழி பலவீனம், ஆனால் நேர்மை பாருங்கள் என்றார். கான்வென்ட் கூட்டம் பெருந்தன்மையோடு கை தட்டியது. கை தட்டும் சத்தத்தில் விழித்துக்கொண்ட அண்ணனும் தட்டினார், பிறகுதான் என்னைப் பார்த்துக் கையைக் கீழே போட்டார். ஹால் டிக்கெட் கிடைத்துவிட்டது. மாப்பிள்ளை வேறு இடம் பார்த்துப் போனான். நான் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் ஆனேக்கல்காரி கொடுக்க வேண்டிய முறை. அவள் எடுத்திருந்த இடம் ஆனேக்கல் பஸ் ஸ்டாண்ட். அங்கே பெண்கள் கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஓசூர் பஸ்ஸுக்கு நிற்கும் முன்பின் தெரியாத பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு காவல் நிற்பார்கள். ஒரு நாள் அவள் முறைக்குக் காவல் நின்றவள் பஸ் வந்ததும் கதவை விட்டுவிட்டு ஓடிவிட்டாள். மூன்று வாரமாக அந்தக் கட்டுரை சுற்றில் இருந்தது. எங்கள் மூவரில் இதுவரை யாரும் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது. ஓரிரண்டு கோடுகள்தான் மிச்சம்.

அந்த ஞாயிறு அவள் புதிதாக ஒரு தாள் கொண்டுவந்தாள். நான் வாங்கிப் படித்தேன். ஆனேக்கல் இயற்கை எழில் கொஞ்சும் ஓர் அழகிய ஊர். பல மொழி பேசும் மக்கள் அங்கே ஒற்றுமையாக வாழ்கிறார்கள். பஸ் ஸ்டாண்ட் அதன் இதயம். கக்கூஸ் எங்கே என்று கேட்டேன்.

"எனக்கும் ஹால் டிக்கெட் வேணும்ல" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சண்டை போடு என்று மெஷினைக் குத்தியவள் அவள். அவளை அறையலாம் போல இருந்தது. எந்த வாயால் கேட்பது? தாளை அண்ணனிடம் கொடுத்தேன். அவர் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து கடைசிவரை உரக்கப் படித்தார். எங்கேயும் கை வைக்கவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, நல்லா இருக்கு என்றார். நானும் நல்லா இருக்கு என்றேன். அதுவரை எங்களில் ஒருவர் மற்றவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.