மாமா காய்ச்சிய எண்ணெய்

பூச்சி ஒழிந்தால் சந்தோஷப்படத்தானே வேண்டும்? எங்கள் தோட்டத்தில் பூச்சி ஒழிந்த பிறகுதான் வம்பே வந்தது. ஏனென்று அப்போது எனக்குக் கொஞ்சமும் பிடிபடவில்லை.

இலங்கை மலைநாட்டில், ஹாலிஎலைக்கு மேலே இருந்தது தோட்டம். அந்த வருஷம் ஒரு மலை முழுக்கத் தேயிலையில் பூச்சி விழுந்து, தளிரெல்லாம் கறுத்துச் சுருண்டுவிட்டது. என் மாமா, அம்மாவின் தம்பி, சும்மா இருக்கிற ஆளில்லை. நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் காடாய்க் கிடந்த மானாப்புல்லை அறுத்துச் செம்புப் பானையில் அவித்தார். ஓடைத் தண்ணீருக்குள் கிடத்திய மூங்கில் குழாய் வழியாக ஆவியை இறக்கி எண்ணெய் எடுத்தார். அதைச் சவர்க்காரம் கரைத்த நுரைத் தண்ணீரில் கலந்து தெளிக்கத் தோட்டத்துத் துரையிடமே உத்தரவும் வாங்கிவிட்டார்.

லயம் முழுக்க எலுமிச்சை மாதிரி ஒரு வாசம். பூச்சி போன இடம் தெரியவில்லை, தளிர் பச்சைப் பசேலென்று எழுந்தது. துரை குதிரையை நிறுத்தி மாமாவை மெச்சியதை நானே பார்த்தேன். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. மாமாவைக் கங்காணி ஆக்கப்போகிறார்கள் என்று பீலியில் தண்ணீர் பிடிக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தாள். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

அந்தக் கொழுந்தைப் பறித்துத் தேயிலை அரைக்கிற இஸ்டோருக்கு அனுப்பிய கொஞ்ச நாளில், அதே துரை மாமாவின் பேரை வெட்டிவிட்டார். பேர் வெட்டினால் வேலையும் இல்லை, லயத்தில் இடமும் இல்லை.

"கொழுந்துல எண்ண வாசம் ஏறிருச்சாம்," என்றார் அப்பா. "தேயில பூராவும் புல்லு நாத்தமாம். கப்பல்ல ஏத்த முடியாதாம்."

வாசம் எப்போது நாற்றமானது? துரை பக்கத்தில் வந்தால் சவர்க்காரம் கமகமக்கும், அது மட்டும் நல்லதா? கேட்டதற்கு அப்பா முறைத்தார்.

விற்க முடியாத அந்தத் தேயிலையை லயத்துக்கே பங்கிட்டுக் கொடுத்தார்கள். அதுவரை எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் கழிவுத் தூள்தான். மாமா குடும்பம் மூட்டை கட்டிய காலையில், அத்தை அதைப் போட்டு எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். மாமா குடிக்காமல் முகர்ந்துகொண்டே இருந்தார்.

அப்படியொரு தேத்தண்ணியை நான் குடித்ததே இல்லை. பாதி குடிப்பதற்குள் குவளையை நீட்டினேன்.

"ரொம்ப நல்லாருக்கு அத்தை. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

அத்தை கேத்தலைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். தேத்தண்ணி தீர்ந்துபோய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்து, என் குவளையில் மிச்சமிருந்ததை அவளிடமே நீட்டினேன்.