ஏழு பேரும் என் மகளின் பறக்கும் தட்டும்

என் மகளுக்கு மூன்றரை வயதில் ஞானம் வந்துவிட்டது என்று முடிவு செய்தவர்கள் ஏழு ஆண்கள். ஆறு பேர் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்தவர்கள். அதில் ஒருவர் என் கணவர். ஏழாமவர் மலையில் எஸ்டேட் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பெற்றவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் நான் என்ன சொல்லிக் கிழித்திருப்பேன் என்று நினைக்கும்போது, அவர்கள்மேல் வருகிற கோபம் அப்படியே என் பக்கம் திரும்பிவிடுகிறது.

எழுபதுகளின் கடைசி அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் ஜமுக்காளம் விரித்துத் தத்துவம் பேசுவார்கள். மேனேஜருக்கு வெளிநாட்டிலிருந்து தபாலில் ஒரு பத்திரிகை வரும். வானத்தில் பறக்கும் தட்டுகளைப் பார்த்தவர்கள் எழுதியது. குரங்கணிக்கு மேலே மலைப்பாதையில் ஜீப்பில் வரும்போது தானும் அப்படியொரு வெளிச்சத்தைப் பார்த்ததாகச் சொல்வார். நம் சித்தர்கள் ஆகாய மார்க்கமாகப் போனதும், வெள்ளைக்காரன் இன்று படம் பிடிப்பதும் ஒன்றே என்பார். பக்குவப்பட்ட ஆன்மாக்களைத் தேடித்தான் அவை வருகின்றனவாம்.

காபி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்று நானும் கேட்பேன். பி.யூ.சி. வரை படித்தவள். அபத்தம் என்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால் "நாம இந்த உடம்பு இல்ல, இந்தப் பூமி மட்டும் நமக்கு வீடும் இல்ல" என்று அவர் சொல்லும்போது எனக்கு நெஞ்சு லேசாகும். குழந்தை தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறவள் நான். அந்தப் பயத்துக்கு அவர் பேச்சு மருந்தாக இருந்தது.

ஒரு ஞாயிறு என் மகள் சாக்பீஸால் தரையில் பெரிய வட்டம் போட்டு, உள்ளே புள்ளி புள்ளியாக வைத்தாள்.

"இதென்ன ஆத்தா?" என்று குனிந்தார் மேனேஜர்.

"பறக்கும்."

"உள்ள யாரு இருக்கா?"

"குட்டி ஆளுக. பச்சையா இருப்பாக. குதிப்பாக."

ஏழு பேரும் ஜமுக்காளத்தை விட்டு எழுந்து வந்து வட்டத்தைச் சுற்றி நின்றார்கள்.

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அது சல்லடை. வாரநாட்களில் கிட்டங்கி உத்தரத்தில் பெரிய வட்டச் சல்லடையைக் கயிற்றில் தொங்கவிட்டு, இரண்டு பெண்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக் காய் சலிப்பார்கள். பொடிக்காய் கீழே விழும், பெருங்காய் மேலே குதிக்கும். அவர்களில் மூத்தவள் என் மகளிடம், "பாரு, குட்டி ஆளுக என்னா குதி குதிக்கிறாக" என்று விளையாட்டுக் காட்டுவாள். சலிப்பது பெண்கள் சோலி. ஆண்கள் முன்கடையில் தராசோடும் தரகர்களோடும் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சல்லடையைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவோம். அன்றாடம் ஏலக்காயை முகர்ந்து தரம் சொல்கிற ஆறு பேருக்கும் அது தங்கள் கிட்டங்கிச் சாமான் என்று தோன்றவில்லை.

கணவரைத் தனியாக அழைத்துச் சொன்னேன். "அது சல்லடைங்க."

"ஒனக்கு அது சல்லடை. அவளுக்கு என்னான்னு ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

ஒருவேளை அவர் சொல்வது சரியோ, ஒருவேளை என் கண்தான் மங்கலோ என்று குழம்பினேன். அதோடு விட்டேனா? என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று மேனேஜர் ஒரு நோட்டைக் கொடுத்து, குழந்தை சொல்வதை எழுதி வைக்கச் சொன்னார். எழுதினேன். "அப்பறம் என்ன பாத்த? எங்கிருந்து வந்தாக?" என்று நானே தூண்டிக் கேட்டும் எழுதினேன். சொன்னால் எல்லோரும் மகிழ்கிறார்கள் என்று அவளும் கண்டுகொண்டாள்.

பிறகு, ஒரு மண்டலம் அவளுக்கு உப்பு ஆகாது என்றார் மேனேஜர். பாலும் பழமும் உப்பில்லாத சாதமும் மட்டும். உடம்பு சுத்தமானால் தொடர்பு தெளிவாகுமாம். அதைச் சொன்ன அன்று காலை அவர் எங்கள் வீட்டில் ஆறு இட்லி சாப்பிட்டார். சட்னியில் உப்புக் குறைகிறது என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

பதினேழு நாள் நடந்தது. குழந்தை வாடிப்போனாள். சனிக்கிழமை மதியம் அடுப்படி மூலையில் உட்கார்ந்து, வியர்த்த தன் மணிக்கட்டை நக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்தாள்.

மண்டலம் முடியக் காத்திராமல் மறுநாளே அவளைக் குரங்கணிக்கு மேலே கொண்டுபோய்ப் பாறையில் உட்கார வைத்துக் காத்திருப்பதாகத் திட்டம். விடிந்ததும் காய் சலிக்கிறவர்களில் மூத்த அக்காவுக்கு ஆள் அனுப்பினேன்.

"ஞாயித்துக்கெழமையுமா சோலி?" என்று சலித்துக்கொண்டே வந்தாள்.

இருவரும் சல்லடையைத் தொங்கவிட்டோம். ஏழு பேரும் வந்து நின்றபோது ஒரு மூட்டைக் காயைக் கொட்டி ஆட்டினோம். குழந்தை கைதட்டினாள். "குட்டி ஆளுக!"

"இம்புட்டுத்தான் ஐயா அவ பாத்தது" என்றேன்.

மேனேஜர் சிரித்தார். "அதனால என்னா தாயி? இதப் பாக்கையில அவளுக்குத் தன் சொந்த ஊரு ஞாபகம் வருது."

"அவ ஆத்தாளுக்குச் சொந்த ஊரு ராசிங்காபுரம்யா. அதுக்குப் பஸ்சே போகுது" என்றாள் அக்கா, கயிற்றை விடாமல்.

யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் குழந்தை முன் குந்தினார். "நீயே சொல்லு ஆத்தா. நீ பாத்தது இதுவா, வானத்துல வந்ததா?"

அவள் அவரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். "வானத்துல" என்றாள், மெதுவாக.

கண்ணெதிரே சல்லடை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பாத்தியா?" என்றார் கணவர். "வெரசா கெளப்பு. ஜீப்பு நிக்குது."

"அவ வரமாட்டா."

"ஐயா முன்னாடி என்னா பேச்சு இது?"

"ஒங்க ஐயாவப் பதினேழு நாளு உப்பில்லாமத் திங்கச் சொல்லுங்க. அதுக்கப்பறம் நானே தூக்கிட்டு வர்றேன். இந்த நோட்டையும் அவரையே எழுதச் சொல்லுங்க." இடுப்பில் செருகியிருந்த நோட்டை எடுத்து மேனேஜர் மடியில் எறிந்தேன். திருமணமாகி ஐந்து வருடங்களில் ஆண்கள் இருக்கும் இடத்தில் நான் குரலை உயர்த்தியது அன்றுதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தேன்; பின்னால் ஜீப் காலியாகத் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது. என் கணவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பேசாமலே இருக்கட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது.

அடுப்படியில் சாதத்தில் பருப்பு ஊற்றி, உப்புப் போட்டுப் பிசைந்து ஊட்டினேன்.

"உப்பு போதுமா?"

வாயில் சோற்றை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். எந்தப் பதில் எனக்குப் பிடிக்கும் என்று தேடினாள். இந்தப் பார்வையை அவளுக்குப் பழக்கியவர்களில் நானும் ஒருத்தி.

என் முகம் தெரியாதபடி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு மறுபடியும் கேட்டேன். முதுகுக்குப் பின்னால் அவள் சோற்றை மென்று விழுங்கும் சத்தம் கேட்டது.

"இன்னுங் கொஞ்சம் போடு" என்றாள்.