கரடி கீறிய கன்னம்

பிஸ்கட் டின்னைத் திறந்ததும் குப்பென்று ஒரு புளிப்பு வாசனை. பழைய நெகடிவ் கெட ஆரம்பித்தால் இப்படித்தான், காடி ஊற்றிய மாதிரி நாறும். திருப்பத்தூரில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவை மூடியபோது குப்பைக்குப் போக இருந்ததைத் தூக்கி வந்தேன். இப்போது காவலூரில் உட்கார்ந்துகொண்டு அந்த டின்னோடும், அண்ணன் மகன் வாங்கி அனுப்பிய ஸ்கேனரோடும் மல்லுக்கட்டுகிறேன். இந்த வயதில் இது தேவையா என்கிறீர்களா? எல்லாம் சின்னப்பொண்ணுக்காக.

பக்கத்து ஊரில் சாமை விதைக்கிறவள் அவள். அம்மா செத்தபோது தவழ்ந்து எழுந்து ஓடுகிற வயது. வீட்டில் ஒரு படம் கிடையாது. உறையில் எழுதியிருந்த பேரையும் ஊரையும் வைத்து, அந்த அம்மாவின் நெகடிவ் என் டின்னில் இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து, சந்தைக்குப் போகும்போதெல்லாம் வாசலில் வந்து நிற்கிறாள்.

"நெல்லிக்கா பொறுக்கப் போனப்ப அம்மா கன்னத்துல கரடி கீறிடுச்சாம்க்கா. மடில படுத்துக்கினு அந்தத் தழும்பத்தான் தடவிக்கினே இருப்பேன். மூஞ்சி மறந்துபோச்சு. தழும்பு மட்டும் வெரல்லயே கீது."

ஸ்கேனர் இருந்தால் போதும் என்று நினைத்தேன், என் புத்தி அவ்வளவுதான். அதற்குத் தனியாக மென்பொருள் தேட வேண்டுமாம். கூடவே வந்தது என் கம்ப்யூட்டரில் ஏறவே மாட்டேன் என்றது. இலவசமாகக் கிடைத்தது, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி கேள்வி கேட்டே ஆளைக் கொன்றது. காசு கட்டாமல் பழகிப் பார்க்கலாம் என்ற ஒன்று, செத்தவள் நெற்றிக்குக் குறுக்கே தன் பேரை எழுதிவைத்தது. கட்டையில போக! இன்னொன்று தூசியைத் தானே துடைப்பேன் என்று பீற்றிக்கொண்டு, கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இருக்கிற வெள்ளியையே தூசி என்று நினைத்து மூக்கையும் சேர்த்துத் துடைத்தது.

ஒருவழியாக ஒன்று படிந்தது. முகம் துல்லியமாக வந்தது. ஓடிவந்து பார்த்தவள் கேட்டாள்:

"யாருக்கா இது?"

அப்போதுதான் எனக்கு ஸ்டுடியோ முதலாளியின் பிளேடு ஞாபகம் வந்தது. படம் கழுவுகிற ஹைப்போ மருந்து நாறும் அந்த இருட்டறைக்குப் பக்கத்தில், கண்ணாடிக்கு அடியில் பல்பு எரியும் ஒரு மேசை. யார் முகத்திலும் ஒரு குறை இருக்க விடமாட்டார் மனுஷன். தழும்பு நெகடிவில் கறுத்த கோடாக விழும். பிளேடு முனையால் சுரண்டினால் போச்சு. "பொம்பள மூஞ்சில தழும்பு இன்னாத்துக்கு? பாவம், நல்லா இருக்கட்டும்" என்பார். ஒரு கன்னத்தை மட்டும் தொட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும் என்று இரண்டையும் ஒரே சீராகச் சுரண்டிவிடுவார். நாங்களெல்லாம் வாயைப் பிளந்து பார்ப்போம். இந்தப் படத்தை வாங்கிப் போக யாரும் வரவில்லை. அதற்குள் படத்தில் இருந்தவளே போய்ச் சேர்ந்திருந்தாள்.

அண்ணன் மகனுக்குப் போன் போட்டேன். சிரித்தான்.

"தழும்ப எடுக்கிறதுக்கு எல்லாத்துலயும் பட்டன் கீது அத்தே. வைக்கிறதுக்கு எவன் பட்டன் வச்சான்? நீங்களே வரைஞ்சுடுங்க."

சரி, அதையாவது செய்வோம் என்று மவுஸைப் பிடித்தேன்.

"எந்தக் கன்னம்மா?"

சின்னப்பொண்ணு கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினாள். விரல் காற்றில் வலப்பக்கம் போனது. நின்றது. இடப்பக்கம் வந்தது. திரும்ப வலப்பக்கம் போனது.

"ஐயோ, தெரியலியேக்கா. நீங்க பாத்தீங்களே, நீங்க சொல்லுங்கக்கா."

பார்த்தேன்தான். அந்த நெகடிவைக் கழுவிக் காயப்போட்டதே நான்தான். ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் முதலாளி சுரண்டி முடித்த மழமழ கன்னங்கள். முதலாளி போய்விட்டார். சின்னப்பொண்ணின் அப்பனும் போய்விட்டான். ஸ்டுடியோ இருந்த இடத்தில் மொபைல் கடை நடக்கிறது. கரடி கீறியது எந்தக் கன்னத்தில் என்று சொல்ல இனி ஒரு ஆள் இல்லை.