நாற்பத்திரண்டு அங்குல பிளேடு

எங்கள் ஊரில் பனி சும்மா தூவிவிட்டுப் போவதில்லை. சுப்பீரியர் ஏரிக்காற்று வடக்கிலிருந்து ஒருமுறை திரும்பியதென்றால் ஏப்ரல் வரை பிடித்த பிடியை விடாது. ஒரு வருஷம் தபால்காரர் கடிதங்களையெல்லாம் புகைபோக்கி வழியாகப் போட்டார். ஒரு வீட்டில் மின்சார பில் நேராக அடுப்பில் விழுந்து எரிந்துபோக, அந்த வீட்டுக்காரர் அந்தத் தபால்காரருக்குச் சாகும்வரை கிறிஸ்துமஸ் பரிசு அனுப்பினார். நம்பாதவர்கள் பிப்ரவரியில் வந்து பார்க்கலாம். வந்தவர்கள் திரும்பிப் போக ரெய்னோ கல்லியோவின் தயவு வேண்டும்.

ரெய்னோ செம்புச் சுரங்கம் மூடும்வரை அதற்குள் இருந்தவர். பிறகு பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்த்தார். ஓய்வு பெற்றபின் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு, பழைய தோட்ட டிராக்டர்களுக்குப் பனி தள்ளும் பிளேடு மாட்டிக் கொடுத்தார். கோடையில் புல் வெட்ட யாரோ எந்தக் காலத்திலோ வாங்கிய குட்டி வண்டிகள் அவை. வண்டி ஒரு கம்பெனி, பிளேடு இன்னொரு கம்பெனி, அதைத் தூக்கி இறக்கும் கம்பி எவன் செய்தானோ தெரியாது. பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகளை ஒரே பந்தியில் உட்கார வைப்பது போல, வெட்டி, ஒட்டி, வளைத்து, மூன்றையும் ஒன்றாக நிற்க வைத்துவிடுவார்.

முன்னால் பிளேடு மாட்டினால் பின்னால் கனம் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் சுற்றுமே தவிர வண்டி நகராது. அதற்கு அவர் எதையும் கட்டுவார். பாதிரியார் வண்டிக்கு விரிசல் விட்ட பழைய கோயில் மணியையே கட்டிவிட்டார். பாதிரியார் பனி தள்ளக் கிளம்பினால் செவ்வாய்க்கிழமைகூட ஜனம் ஆராதனைக்கு வந்து நின்றது.

பேச்சு மட்டும் ரெய்னோவிடம் ஸ்பேர் பார்ட்ஸ் மாதிரி. தேவைப்பட்டால்தான் அலமாரியிலிருந்து வெளியே வரும்.

மேட்டுத்தெருவில் ஐலி இருந்தாள். அவள் கணவன் ஆஸ்கர் உயிரோடு இருந்தபோது, தெருவிலிருந்து வீட்டு வாசலுக்கு ஏறும் பாதையின் முகப்பில் சுரங்கத்துக் கல்லால் இரண்டு தூண் கட்டினான். அழகுக்குக் கட்டினான், அகலம் பார்க்கவில்லை. எந்த வண்டியின் பிளேடும் அந்தத் தூண்களில் இடிக்கும். ஆஸ்கர் போனபின் முதல் பனிக்காலத்திலேயே ரெய்னோ தன் வண்டிக்கு ஒரு பிளேடை நாற்பத்திரண்டு அங்குலமாக வெட்டி மாட்டினார். ஊரில் அப்படியொன்று அது மட்டும்தான். பனி பெய்த காலையெல்லாம் முதலில் ஐலியின் பாதை. தன் வாசல் அப்புறம்தான். ஐலி தூணின் மேல் சூடான ஏலக்காய் ரொட்டியை ஒரு தகர டப்பாவில் வைத்திருப்பாள். ஞாயிறு மதியம் அவள் சமையலறையில் காப்பி. அவள் பேசுவாள், இவர் தலையாட்டுவார். எங்கள் ஊர்க் கணக்கில் இது பாதிக் கல்யாணம்.

மீதிப் பாதியை அந்தக் கிறிஸ்துமஸுக்கு வாய்விட்டுக் கேட்டுவிடுவது என்று ரெய்னோ முடிவு செய்திருந்தார். அதை ஒரே ஒருவரிடம்தான் சொன்னார். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளியான வெய்க்கோ ஹார்யுவிடம், சனிக்கிழமை சவுனாவில். சூடேறிய கல்லில் தண்ணீர் ஊற்றி, அந்த ஆவியில் இருவரும் வாராவாரம் வேர்க்க உட்காருவார்கள். சவுனாவுக்குள் பொய் பேசக்கூடாது என்பது எங்கள் ஜனத்தின் கட்டுப்பாடு. தேவாலயத்தில் பேசுகிறவன்கூட அங்கே பேசமாட்டான்.

அடுத்த வாரமே வெய்க்கோ ஒரு பழைய டிராக்டரை இழுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்.

"டேய் ரெய்னோ, இதுக்கும் ஒரு பிளேடு மாட்டிக் குடுடா. பனிய வாரி வாரி என் இடுப்பே கழண்டுபோச்சு."

"உன் வாசல் பெரிசு. நாப்பத்தெட்டு போடுறேன்."

"வேணாம் வேணாம். நாப்பத்திரண்டு போதும்."

"எதுக்கு அவ்வளவு குட்டை? கோழிக்கூண்டுக்குள்ளயா தள்ளப்போற?"

"சின்னதுன்னா இடுப்புக்கு நோவு இல்லடா."

"தள்ளப்போறது வண்டியா, உன் இடுப்பா?"

"மாப்பிள்ளைக்கு நக்கலைப் பாரு! உனக்கு இளசு இடுப்பு, என்ன வேணா பேசுவ. வெட்டிக் குடுடா."

ரெய்னோ சிரித்துக்கொண்டே வெட்டினார். பிளேடின் சட்டத்தை வண்டியோடு பிணைக்கும் கடையாணி காணாமல் போயிருந்தது. தனக்கென்று கடைந்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். பிளேடின் அடி விளிம்பில் வெல்டிங் மொட்டு ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அதைத் தேய்க்கப் போனபோது வெய்க்கோவுக்குப் பொறுமையில்லை.

"விடுடா, பனிக்கென்ன கண்ணா இருக்கு?"

டிசம்பர் தொடக்கத்தில் முதல் பெரும்பனி பெய்தது. ரெய்னோ வெளிச்சம் வருமுன் மேட்டுத்தெருவுக்கு வண்டியை விட்டார். தூண்களுக்கு நடுவே பாதை சுத்தமாகத் தள்ளப்பட்டிருந்தது. அதன் நீளத்துக்கும் நூல் பிடித்தாற்போல் மெல்லிய கோடு ஒன்று ஓடியது. தேய்க்காமல் விட்ட மொட்டின் கோடு. தூணின் மேல் டப்பா இல்லை. அதன் சூட்டில் பனி உருகிய வட்டம் மட்டும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஐலி காப்பியை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"உங்க முதுகு இப்ப எப்படி இருக்கு ரெய்னோ?"

"என் முதுகா?"

"மறைக்காதீங்க, வெய்க்கோ எல்லாம் சொல்லிட்டாரு. என்னைப் பாத்துக்கணும்னு ஆஸ்கர் கடைசில உங்ககிட்ட சத்தியம் வாங்கினாராமே. அதுக்காகத்தான் இத்தனை வருஷம் வந்தீங்களாம். சலிச்சுப்போச்சுன்னு நீங்களே சொன்னீங்களாம். நான் முதல்ல நம்பல. சவுனால சொன்னதுன்னாரு. அப்புறம் நம்பாம என்ன செய்ய? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களை எப்பவோ விட்டிருப்பேனே."

அங்கேயே, அந்த நிமிஷமே மறுத்திருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் மறுத்திருப்பார்கள். இந்த மனுஷர் வாயிலிருந்த ரொட்டியை விழுங்கிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

சனிக்கிழமை வெய்க்கோ வழக்கம்போல வந்தார். புது பிளேடைக் காட்டும் பெருமையில் டிராக்டரிலேயே வந்தார். இருவரும் சவுனாவில் மேல்படியில் உட்கார்ந்தார்கள்.

"ஐலி பாதைய நீயா தள்ளுற?"

வெய்க்கோ ஒரு கரண்டி தண்ணீரைக் கல்லில் ஊற்றினார். ஆவி சீறியது.

"உன்னத்தான் கேக்குறேன்."

இன்னொரு கரண்டி.

"ஆஸ்கர் எப்படா என்கிட்ட சத்தியம் வாங்கினான்?"

வாளியே காலியானது. அன்றைய சூட்டில் கூரைப் பலகையிலிருந்த பிசின் உருகி இருவர் தலையிலும் சொட்டியது. ஊற்றத் தண்ணீர் தீர்ந்ததும் வெய்க்கோ பேசித்தான் ஆகவேண்டியிருந்தது.

"நீ எங்கடா கேக்கப்போற? கிறிஸ்துமஸ்னுவ, ஈஸ்டர்னுவ. நானும் தனிக்கட்டைதானே."

"உன் ஒருத்தன்கிட்டதான்டா சொன்னேன்."

"அதான்டா. நீ சொல்லலேன்னா எனக்குத் தோணியே இருக்காது."

ரெய்னோ கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தார். உடம்பில் ஆவி பறக்க, ஒட்டுத்துணி இல்லாமல், முழங்கால் பனியில் போய் வெய்க்கோவின் வண்டிக்கு அடியில் கைவிட்டுக் கடையாணியை உருவினார். பிளேடு தொப்பென்று விழுந்தது. உருவியதை வைக்கப் பை இல்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். தெருவில் போன பால்காரன் புகைந்துகொண்டு நிற்கும் பூதத்தைப் பார்த்துக் குடியை விட்டான் என்பார்கள். வெய்க்கோ பிளேடைக் கயிற்றில் கட்டி வீடுவரை இழுத்துப் போனார்.

மறுநாள் ரெய்னோ ஐலியின் மேசைமேல் கடையாணியை வைத்தார். அவர் ஆயுளில் பேசிய மிக நீளமான பேச்சு இதுதான்.

"ஆஸ்கர் எந்தச் சத்தியமும் வாங்கல. அவன் போனப்ப நான் ஊர்லயே இல்ல. எனக்கு எதுவும் சலிக்கல."

ஐலி கடையாணியைக் கையில் எடுத்துப் புரட்டினாள்.

"அப்ப எதுக்குத் தள்ளினீங்க?"

"சொல்லிக்கிட்டுதானே இருந்தேன். பனி பெஞ்ச காலையெல்லாம்."

"நான் அதைப் பனின்னுதான் நினைச்சேன் ரெய்னோ."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "வியாழக்கிழமை வெய்க்கோ கேட்டாரு. நீங்க உக்காருற இதே நாற்காலிலதான். நான் சரின்னுட்டேன்."

"பொய் சொல்லிட்டுக் கேட்டிருக்கான்."

"அதுக்கு அவரை நான் பாத்துக்கறேன். சாகிற வரைக்கும் ஒரு வாய்க் காப்பி நிம்மதியா இறங்காது அவருக்கு. ஆனா நான் சொன்ன சரி பொய்யில்லையே."

ரெய்னோ எழுந்தார். "இது இல்லாம வெய்க்கோவோட பிளேடு நிக்காது. குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்."

செவ்வாய் இரவு மறுபடியும் பெய்தது. காலையில் ரெய்னோ வண்டியை எடுக்காமல், காப்பிக் கோப்பையோடு ஜன்னல் பக்கம் நின்றார். ஊர் பஞ்சுக்குள் வைத்ததுபோல் அமைதியாக இருந்தது. காப்பி பாதி குறையும்வரை ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மேட்டுத்தெருவில் ஓர் எஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பியது. அந்த இருமலை அவருக்குத் தெரியும். வெய்க்கோவுக்காக அவரே சரிசெய்த எஞ்சின். இரும்பு தரையில் இறங்கும் சத்தம் கேட்டது. பிளேடு கழலாமல் நின்று, நிதானமாக, நேராகப் பனியைத் தள்ளிக்கொண்டு மேடேறியது. கடையாணி சரியாகப் பொருந்தியிருந்தது.

மீதிக் காப்பியை அவர் ஆறவிட்டார். பிறகு வெளியே போய், பல வருஷத்தில் முதன்முறையாகத் தன் வாசலை முதலில் தள்ளினார். மதியம் கொட்டகைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தன் வண்டியிலிருந்து நாற்பத்திரண்டைக் கழற்றிப் பரணில் போட்டார். அதன் இடத்தில் நாற்பத்தெட்டை மாட்டினார். இனி அவரே நினைத்தாலும் அந்தத் தூண்களுக்கு நடுவே அவர் வண்டி நுழையாது.