இருபத்தொன்றாவது எண்

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலைக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. துளையிட்ட அட்டைகளைப் பெட்டியில் அடுக்கி, மாலை ரயிலில் சென்னைக்குக் கொண்டுபோய் ஒரு கணினி மையத்தில் கொடுப்பேன். மறுநாள் காலை, விடையை அச்சடித்த தாளாக வாங்கிக்கொண்டு வேலைக்கு வருவேன்.

கலவை வேகும் இரும்புத் தொட்டிகளைச் சுற்றி எந்த நேரத்தில் எவ்வளவு குளிர்ந்த தண்ணீர் ஓட வேண்டும் என்று என் புரோகிராம் சொல்லும். அந்த விடையைச் சார்ட்டாக எழுதித் தொட்டியின் பக்கத்தில் மாட்டுவார்கள். ஐந்து மாதம் ஒரு குறையும் வரவில்லை.

ஒரு புதிய கலவைக்கு ஓட்டியபோது தாளில் ஒரே வரிதான் வந்தது: பிழை 31. கையேட்டைப் பார்த்தேன். எதையோ பூஜ்யத்தால் வகுக்கப் போய் நின்றிருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் அட்டைகளில் எந்த இடத்தில் நின்றது, எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்று ஒரு தகவலும் இல்லை.

"பூஜ்யம் வந்தா ஒண்ணுன்னு வெச்சிக்கச் சொல்லும்மா. ஓடிடும்" என்றார் மேலாளர்.

ஓடித்தான் இருக்கும். எனக்கு மனது ஒப்பவில்லை. நான்கு நாள் உட்கார்ந்து வேறொன்று எழுதிச் சேர்த்தேன். புரோகிராமின் ஒவ்வொரு பகுதியும் தொடங்கும்போது தன் பெயரையும் தன்னிடம் வந்த எண்களையும் அச்சடிக்கும். ஒரு பட்டியலின் எல்லையைத் தாண்டிப் படித்தால் அதையும் சொல்லும். ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று பழைய கலவைகளையும் கூடவே ஓட்டச் சொன்னேன்.

மறுநாள் ரயிலில் அந்தத் தாள்களை மடியில் விரித்தேன். பொன்னேரி தாண்டியபோது இடம் அகப்பட்டது. வெப்பப் பட்டியலில் இருபது எண்கள்தான். சூடு ஏறியதும் புரோகிராம் இருபத்தொன்றாவதைக் கேட்டது. இயந்திரம் மறுக்காமல் பக்கத்தில் கிடந்த, சம்பந்தமே இல்லாத எண்ணை எடுத்துக் கொடுத்தது. புதிய கலவையில் அது பூஜ்யம், அதனால் நின்றது. பழைய கலவைகளில் பூஜ்யம் இல்லை. நிற்காமல், தண்ணீரைக் குறைத்துத் தப்பான விடையைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

கவரைப்பேட்டையில் ரயில் சிக்னலுக்காக நின்றது. நான்காம் தொட்டியில் அன்று பழைய கலவைதான் வேகிறது.

ஸ்டேஷனிலிருந்து நேராகத் தொட்டிகள் இருக்கும் கொட்டகைக்குப் போனேன். வழக்கமாக நான்காம் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் அங்கே இல்லை. இன்னொருவர் நின்றிருந்தார்.

"அவர் எங்கே?"

"வேண்டுதலுக்கு பெரியபாளையம் போயிருக்காரும்மா. மூணு நாளு லீவு."

"தண்ணி எவ்வளவு விட்டிருக்கீங்க?"

"சார்ட்டுல இன்னா போட்டுக்குதோ அதான். ஒரு சொட்டு கூட கொறையல."

அழுத்தமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது.

"முழுசாத் திறந்துட்டு வெளிய வாங்க."

"சார்ட்டுல அப்டி இல்லியேம்மா."

"சார்ட்டு தப்பு. நான்தான் போட்டேன்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு வால்வைத் திறந்தார். நாங்கள் வாசலை நெருங்கும்போது மூடியின் விளிம்பு பிய்த்துக்கொண்டு ஆவி சீறியது. பின்னால் வந்த அவருடைய கழுத்தும் வலது கையும் வெந்துபோயின. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இரண்டு விரல்கள் பிறகு மடங்கவே இல்லை.

நான்காம் நாள் பழைய ஆபரேட்டர் திரும்பி வந்தார். என்னிடம் தனியாகச் சொன்னார்: "நான் ஒரு நாளும் அந்த சார்ட்டைப் பாத்து தண்ணி வுட்டதில்லம்மா. தொட்டிகிட்ட நின்னாலே சூடு தெரியும். வெளிய சொன்னா பேஜாரு ஆவும்னு சும்மா இருந்துக்கினேன்."

ஐந்து மாதமாக என் தப்பை அவர் கைதான் மூடி வைத்திருந்தது.

புரோகிராமில் புதிதாகச் சேர்த்த பகுதியால் இயந்திர நேரம் இரண்டு மடங்காகிறது, எடுத்துவிடு என்றார் மேலாளர். முடியாது என்றேன். அந்த வாரம்தான் வேறொன்று தெரியவந்தது. ஆந்திர எல்லைக்கு அப்பால் ஒரு தொழிற்சாலைக்கு என் பழைய அட்டைகளைப் பிரதியெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கே தப்பை விளக்கி அவர்களுக்கு ரிஜிஸ்டர் தபாலில் எழுதினேன். யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட ரசீது வந்தது. மறுபடியும் எழுதினேன். அதற்கும் ரசீது மட்டும்தான் வந்தது.