மாவு மூட்டையின் இரண்டு கைகள்

மாவு மூட்டையில் அச்சடித்திருந்த இரண்டு கைகளில் ஒன்று எங்களுடையது என்று நான் நம்பியிருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

வெளிநாடொன்று இலவசமாக அனுப்பிய மாவு அது. மூட்டைத் துணியில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் இருக்கும். ஒன்று கொடுக்கிறவனின் கை, சரி. மற்றது யாருடையது? அந்த மாவில் சுட்ட பணிஸ் ரொட்டியைத் தின்பது எங்கள் பிள்ளைகள். கூடவே வரும் பால்மாவைக் குடிப்பதும் அவர்கள்தான். ஆகவே நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் எங்களுக்கும் ஒரு கை உண்டு என்று கணக்குப் போட்டேன். தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள் இலங்கையின் பிரஜைகள் இல்லை என்று சட்டம் செய்து தள்ளிவைத்த எங்களுக்கு மாவு மூட்டையாவது கை கொடுக்கிறதே என்ற பூரிப்பு வேறு.

அப்போது ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியில் எனக்கு எடுபிடி வேலை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து பெண்கள் கொழுந்து பறிக்க மலையேறிவிடுவார்கள். அவர்கள் விட்டுப்போன குழந்தைகளுக்குப் பிள்ளைக் காம்பராவில் பால்மாவைக் கரைத்து ஊற்றுவது என் பொறுப்பு.

என் தங்கச்சியின் புருஷன் அதே தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். பிரஜாவுரிமைக்கு மனுக் கொடுக்கப் போனவரிடம், தகப்பன் இந்த நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். அதைத் தேடி, தானும் தகப்பனும் பிறந்த இறம்பொடைக்குப் பஸ் ஏறினார். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் பொலிஸ் பஸ்ஸை மறித்து அத்தாட்சி எங்கே என்றது. அதைத் தேடிவிட்டுத்தான் வருகிறேன் என்றாராம். கள்ளத்தோணி என்று கொழும்பு முகாமில் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். கடலையே பார்த்திராத மனிதர் தோணியில் வந்தவராகிவிட்டார். அடுத்தது தலைமன்னார்க் கப்பல், அதன் பிறகு அவர் மிதித்திராத இந்தியா.

இந்த நேரத்தில்தான், மாவும் பாலும் ஒழுங்காகப் போய்ச் சேருகின்றனவா என்று பார்க்க அந்த நாட்டு ஆள் ஒருவர் வருவதாகச் செய்தி வந்தது. ரோட்டைப் பார்த்த லயத்து வீடுகளுக்கு மட்டும், அதுவும் முன்சுவருக்கு மட்டும், சுண்ணாம்பு அடித்தார்கள். நான் தங்கச்சியைத் தேடிப் போனேன்.

"அவருகிட்ட நேரா கேட்டுப்புடுறேன். 'ஆள விட்டாத்தான் மாவு'ன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், மச்சான் வீட்டுக்கு வந்துருவாரு."

"நீ பேசுவியாண்ணே? பெரிய தொர எதுக்க வந்தாலே ஒனக்கு வயித்தால போகுமே!"

"அது அன்னைக்கித் தின்ன கருவாடு."

பக்கத்தில் நின்ற பிள்ளைக் காம்பரா ஆயா விடவில்லை. "ஏம்ப்பா, ஒன் மச்சான விடலைன்னு அவுங்க பால நிப்பாட்டிட்டா, இந்தப் புள்ளைங்களுக்கு நீயா பால் குடுப்ப?"

"நிப்பாட்ட மாட்டாங்க ஆயா. நிப்பாட்டுவோம்னு சும்மா சொல்லுவாங்க."

"சும்மா சொன்னா எவன் பயப்படுவான்?"

அந்தக் கேள்வியை இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் வந்த அன்றைக்கு, மாவு மூட்டைத் துணியில் தங்கச்சி தைத்துத் தந்த அரைக்கால்சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். கைகள் படம்தான் என் சாட்சி. என் இங்கிலீஷ், பங்களாக் குசினியில் தட்டுக் கழுவிய காலத்தில் பொறுக்கியது. சாப்பாட்டு மேசையைத் தாண்டி அது போனதே கிடையாது.

வந்தவர் நெட்டையான ஆள். பிள்ளைக் காம்பரா வாசலில் தலை குனிந்து நுழைந்தார். பின்னால் தோட்டத்தை ஆளும் பெரிய தொரையும் கொழும்பு அதிகாரி ஒருவரும். எல்லாப் பிள்ளைகளுக்கும் பால் கிடைக்கிறதா என்று என்னைத்தான் கேட்டார். அகப்பையோடு சலாம் வைத்ததில் பால் முழுவதும் அவருடைய சப்பாத்தில். துடைக்கப் பாய்ந்தவனுக்கு அப்போதுதான் உறைத்தது: சாட்சி என் பின்பக்கத்தில் இருக்கிறது.

வேறு வழி? எழுந்து அவருக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"சேர், ஒரு கை உங்க கை. ஒரு கை எங்க கை. எங்க கைய பொலிஸ் கொண்டுபோயிருச்சு, சேர்."

இதைத்தான் இங்கிலீஷில் சொன்னேன். நடுவில் "சூப் ரெடி" என்றும் சொன்னதாக ஆயா பிறகு சத்தியம் செய்தாள்.

"டேய், திரும்புடா!" என்று தொரை கத்தினார். ஆயாவும் அதிகாரியும் சிரித்துவிட்டார்கள்; வந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்டார். பஸ், முகாம், கப்பல் எல்லாவற்றையும் பாதி கையாலும் பாதி வாயாலும் சொல்லி முடித்தேன். கடைசியில் கேட்டும்விட்டேன்: "மாவு கொடுக்கும்போது அவரை விடச் சொல்லுங்கள், சேர்."

அவர் அதிகாரியிடம் ஏதோ கேட்டார். அதிகாரி தாழ்ந்த குரலில் வெகுநேரம் பேசினார். பிறகு வந்தவர் எனக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒப்பந்தம் மாவுக்கும் பாலுக்கும் மட்டுந்தான். ஆட்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. கேட்டால் அது உள்நாட்டு விஷயம் என்பார்கள். படத்திலுள்ள மற்றக் கை, உங்கள் அரசாங்கத்தின் கை.

"அந்த அரசாங்கம் எங்களைத் தன் ஆட்கள் இல்லை என்கிறதே, சேர்."

வருந்துகிறேன் என்றார். பிறகு, எல்லாப் பிள்ளைகளுக்கும் பால் கிடைக்கிறதா என்று மறுபடியும் கேட்டார். கிடைக்கிறது என்றேன். அது உண்மைதான். அவர் போன வழியெல்லாம் சிமெந்துத் தரையில் ஒற்றைச் சப்பாத்தின் பால் தடம்.

மறுநாள் தொரை என்னைத் தண்ணீர் வடியும் கான் வெட்ட மலைக்கு அனுப்பிவிட்டார். அவர் வந்துபோன அன்று அந்தியில் தங்கச்சி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"கேட்டியாண்ணே?"

"கேட்டேன்."

"என்னா சொன்னாரு?"

"வருத்தமா இருக்குன்னாரு."

"அவரா வந்து மச்சானப் புடிச்சாரு? அவரு ஏன் வருத்தப்படணும்?"

அந்த மாதம் முடிவதற்குள் மச்சானைத் தலைமன்னாரில் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். மாவு வழக்கம்போல் வந்தது.